முப்பத்தெட்டு கிலோ

உளுந்து பாதி அரைபடும்போது கரண்டு போயிற்று.
கல் நின்றது. காற்று நிற்கவில்லை.
பேட்டைக்கு மேலே வானத்தை யாரோ
தகரம் தகரமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.
இருட்டில் உளுந்தைக் கையால் வழித்தெடுத்தேன்.
சுவிட்சை அணைக்க மறந்தேன்.

விடிந்தால், மாடன் கோயில் வேம்பு
டிரான்ஸ்பார்மர் மேல் தலைசாய்த்துக் கிடக்கிறது,
பந்தியிலேயே தூங்கிவிட்ட குடிகாரன் மாதிரி.
கம்பியெல்லாம் தெருவில்.
"மிதிச்சிராதீய, மிதிச்சிராதீய" என்று
எல்லாரும் எல்லாருக்கும் சொன்னோம்.
ஈ.பி. ஆபீஸ் போன் எந்நேரமும்
வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

தவணை தீராத ஃபிரிட்ஜில்
முப்பத்தெட்டு கிலோ மாவு,
கடைகளுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள்.
திறக்காதே, குளிர் ஓடிவிடும் என்றார் வீட்டுக்காரர்,
குளிர் ஏதோ கூட்டில் அடைத்த கோழி போல.
சொல்லிவிட்டு அவரே ரெண்டு தடவை திறந்தார்.

ரெண்டாம் ராத்திரி ஒரு சத்தம்.
எலி என்றார்.
எலி இல்லை, மாவு.
பாக்கெட்டுகள் உப்பி, ஒன்றையொன்று நெருக்கி,
ஃபிரிட்ஜ் கதவை உள்ளேயிருந்து
பைய நெட்டிக்கொண்டிருந்தன.
பதினோரு வருஷமாக மாவு விற்கிறேன்.
அதற்கு இத்தனை பிடிவாதம் உண்டென்று
கரண்டு இருந்தவரை எனக்குக் காட்டியதில்லை.

ஆவுடையப்பன் சார் வீட்டு இன்வெர்ட்டர்
முதல் நாள் தெருவுக்கே போன் சார்ஜ் போட்டது.
மறுநாள் சொந்தக்காரர்களுக்கு மட்டும்.
மூன்றாம் நாள் சாத்திய கதவுக்குள்
கீக் கீக் என்று அழுதுவிட்டு அதுவும் அடங்கியது.
மோட்டார் இல்லை. அடிபம்பில் வரிசை.
குடங்கள்தான் இடித்துக்கொண்டன,
நாங்கள் பேசவே சோம்பி நின்றோம்.

அன்று மத்தியானம் மைதீன் பாத்து வந்தாள்,
மச்சானுக்குப் போடும் இன்சுலின் டப்பாவோடு.
"ஒன் ஃபிரிட்ஜுல இன்னும் குளிரு கெடக்கா?"
கையை விட்டுப் பார்த்தாள்.
மாவு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.
பானைக்குள் மணலைக் கொட்டி, நனைத்து,
நடுவில் ஒரு செம்பை இறக்கி,
அதற்குள் டப்பாவை வைத்து ஈரத்துணி மூடினோம்.
அப்புறமும் அவள் போகவில்லை. மூக்கை உறிஞ்சினாள்.
"ஏளா, இம்புட்டும் சாக்கடைக்கா?"

விழுந்த வேம்பையே வெட்டி அடுப்பு மூட்டினோம்.
பச்சை விறகு எரியவில்லை, புகைந்தது.
கொசுவாவது ஓடிற்று.
யார் வீட்டு வெங்காயமோ, யார் வீட்டு மிளகாயோ,
மூன்று கல்லில் தோசை.
புளிப்பென்றால் புளிப்பு,
ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும்.
ஆவுடையப்பன் சார் சொந்தத் தட்டோடு வந்து
கொஞ்சம் தள்ளி நின்றார்.
போட்டேன்.
காசு கேட்க நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.
உளுந்து விற்கிற விலைக்கு நினைக்காமல் முடியுமா?
கணக்கு நோட்டில் முப்பத்தெட்டு கிலோ என்று எழுதி
பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அஞ்சாம் நாள் கம்பத்தில் ஏறியவர் பெயர் கொம்பையா.
கடைசி வாளி மாவில் ஏழு தோசை,
இடுப்புக் கயிறு அவிழ்க்காமல், நின்றபடியே.
ஒங்க வீடு எங்கே என்று கேட்டேன்.
கோயில்பட்டி பக்கம் என்றார்.
"அங்க கரண்டு இருக்கு.
நாந்தான் இல்ல."

ராத்திரி ரெண்டரை மணிக்கு
ஆளில்லாமல் கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.
காய்ந்த உளுந்து கல்லில் கரகரவென்று.
தெரு முழுக்க டிவி அலறுகிறது, ஒரு மிக்சி கத்துகிறது,
குழந்தைகள் வெளிச்சத்துக்குப் பயந்து அழுகின்றன.
ட்யூப்லைட் எரிகிற வீட்டுக்குள்
சுவரைத் தடவித் தடவி ஓடினேன்
சுவிட்சைத் தேடி.

அணைத்துவிட்டு உட்கார்ந்து
கல்லைச் சுரண்டினேன், கத்தி முனையால்.
அஞ்சு கிலோ ஊறப் போட்டேன்.
விளக்கு ஒரு தடவை இமைத்தது.
"போறதுன்னா போ, சவமே" என்றேன்,
நிமிர்ந்து பார்க்காமல்.